அல்மராத்தேயின் நல்ல தண்ணி

காஸில்டா சரகோசா நகரத்தை விட்டுச் சொந்த ஊரான அல்மராத்தேக்கு வந்த மறுநாள் காலை அண்ணன் எலாதியோ காபி போட்டுக் கொடுத்தான். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்னண்ணே, சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டியா?”

எலாதியோ தன் கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். சந்தேகத்துக்கு இன்னொரு வாய். “நல்லாத்தானே இருக்கு? சரகோசாவுல குழாய்த் தண்ணி குடிச்சுக் குடிச்சு உனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு.”

அவள் சிரித்து மழுப்பிவிட்டு மீதியைக் குடித்து வைத்தாள். சண்டை போடவா வந்தாள்? புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். படிப்பு முடியும்வரை மகள் நோயேலியாவைத் தோழி வீட்டில் விட்டு, இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, அப்பா வைத்துவிட்டுப் போன சீத்தாத் தோப்பில் தன் பாதியை நம்பித்தான் வந்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தோப்பு பிழைத்தால் அவளும் பிழைப்பாள்.

அன்றே தோப்பைப் போய்ப் பார்த்தாள். மரங்கள் நின்றன, ஆனால் இலைகளின் ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகிக் கிடந்தது. கீழைக்காற்றின் வேலை என்றான் எலாதியோ. கடலிலிருந்து வரும் அந்தக் காற்று இந்த வருடம் கொஞ்சம் கடுமையாம். போன வருடமும், அதற்கு முந்தின வருடமும்கூடக் கொஞ்சம் கடுமைதானாம். கடற்கரையில் வரிசைகட்டி நிற்கும் ஓட்டல்கள் ராப்பகலாக நிலத்தடி நீரை உறிஞ்சுவதைப் பற்றியோ, உறிஞ்சிய இடத்துக்குக் கடல் உள்ளே வரும் என்பதைப் பற்றியோ அவன் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை வேளாண் அதிகாரி ஒருவர் கண்ணாடிக் குழாயோடு வந்து, கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது என்று சொன்னாராம். நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் ஓட்டல்காரனின் கையாள் என்று சொல்லி ஊரே சேர்ந்து அவரை விரட்டியிருக்கிறது.

அல்மராத்தேக்காரர்களுக்குக் கண்ணாடிக் குழாய் எதற்கு? அவர்களுக்குத்தான் நாக்கு இருக்கிறதே. உழவர்களின் காவலரான புனித இசிதோர் திருநாளன்று ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் கிணற்றுத் தண்ணீரை மண்ஜாடியில் மொண்டுவந்து கோயில் வாசலில் வைப்பான். ஒருவன் ஜாடியை இன்னொருவன் வாங்கிக் குடித்து, ‘நல்ல தண்ணி’ என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் சொன்னவன் கிணறு வற்றிப்போகும் என்று நம்பிக்கை. இதில் கொடுமை என்னவென்றால், யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாக் கிணறும் ஒன்றாகவே கெட்டது, சொட்டுச் சொட்டாக, வருடக்கணக்கில். எல்லா நாக்கும் ஒன்றாகவே பழகிக்கொண்டது. மனசாரத்தான் சொன்னார்கள், நல்ல தண்ணி என்று.

அந்த வருடத் திருநாளில், வெளியூரிலிருந்து வந்தவள் என்ற மரியாதைக்கு முதல் ஜாடியைக் காஸில்டாவிடம் நீட்டினார் கும்மெர்சிந்தோ. அவர்தான் ஊர்ப் பாசன சங்கத் தலைவர். ஜாடி அண்ணனுடையது. எலாதியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

மலைக் கால்வாயில் மேல் கிராமத்தாருக்கு மிஞ்சிய தண்ணீர் உண்டு. சங்கம் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கிணறு கெட்டுப்போச்சு என்று ஒத்துக்கொண்டல்லவா கேட்க வேண்டும்? இப்போது வாயைத் திறக்காவிட்டால் தோப்பு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“கரிக்குது,” என்றாள். “கடல் தண்ணி கலந்திருக்கு. மலைக் கால்வாய்ல பங்கு கேளுங்க. இன்னும் நேரம் இருக்கு.”

யாராவது கோபப்பட்டிருந்தால் தேவலை. கும்மெர்சிந்தோ ஜாடியை வாங்கி ஒரு மடக்கு குடித்தார், நிதானமாகச் சப்புக்கொட்டினார். “பாவம், புருஷனப் பறிகொடுத்து, வேலையப் பறிகொடுத்து வந்திருக்கு புள்ள. அழுதழுது வாயெல்லாம் உப்பாயிருக்கும். நல்ல தண்ணிதாம்மா இது.”

பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஜாடி கைமாறிப் போனது. நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எலாதியோ தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

மேல் கிராமத்துக்கு அவள் தனியாகவே போய்க் கேட்டுப் பார்த்தாள். உட்காரவைத்து ஒயின் கொடுத்தார்கள். சங்கம் கேட்காமல் தனி ஆளுக்குத் தண்ணீர் விட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கோடையில் அண்ணனும் தங்கையும் காலைதோறும் பூப்பூவாகத் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தார்கள். பிஞ்சு பிடித்தது. எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பாதிக்குமேல் உதிர்ந்தது. எலாதியோ உதிர்ந்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டபடி காற்றைத் திட்டினான். குடிப்பதற்கு மட்டும் அவள் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தாள். ஒரு வீட்டில் இரண்டு தண்ணியா, ஊர் என்ன பேசும் என்று அவன் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தான். சனியன், ஒழியட்டும் என்று அவளும் பாட்டிலை விட்டுவிட்டாள்.

அடுத்த திருநாள் நெருங்கும்போது நோயேலியா விடுமுறைக்கு வந்தாள். எலாதியோ வாசலில் உட்கார்ந்து ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தான். தோப்பில் பாதி மரம் மொட்டையாக நின்றது. காஸில்டா ஆசையாசையாக மகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

நோயேலியா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். “என்னம்மா, சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டியா?”

எலாதியோ வாசலிலிருந்து சிரித்தான். காஸில்டா மகள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் குடித்தாள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு அடிவரைக்கும் குடித்தாள், தொலைந்த தோட்டைத் தேடுகிறவள்போல நாக்கால் உப்பைத் தேடித் தேடி. கிடைக்கவில்லை.

“காபி நல்லாத்தானேடி இருக்கு,” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.