பேர் விழுந்த நாள்கள்

“கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. எந்திரிம்மா, கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“எனக்கு ஏலாது. காய்ச்ச வந்து இன்னைக்கு நாலாம் நாதான? ஏழாம் நா வேர்த்துக் கொட்டி இறங்கிரும். நீதான சொன்ன?”

 சொன்னவள் மகள் ரேணுகாதான். கோயம்புத்தூரில் மருத்துவ வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறாள். போன முறை ஓவேலி தேயிலை எஸ்டேட்டில் அம்மா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் அளந்துவிட்டிருந்தாள். இத்தாலியில் போலோன்யா பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்தில் வைத்தியம் படிக்க வந்தவன் கணக்கும் வான சாஸ்திரமும் படித்தாக வேண்டும். காய்ச்சல் திரும்பும் நாளைக் கணிக்கத் தெரியாதவன் வைத்தியனே இல்லை. ஏழாம் நாள்தான் பெரிய கண்டம்; அன்று வேர்த்துக் கொட்டினால் பிழைத்தான். அம்மா காத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை. இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் தன் ஆத்தா சொன்னதையே வெள்ளைக்காரன் காலேஜிலும் சொல்லியிருக்கிறானே!

“அம்மா, அது அறுநூறு வருசத்துக்கு முந்தின கத. அப்பிடி எண்ணி எண்ணியே பாதிச் சனத்தக் கொன்னானுங்க.”

“மீதிச் சனம் பொழச்சிச்சில்ல?”

வெளியே ஹாரன் அலறியது. ஜீப் டிரைவர் செலஸ்டின் வாசலில் தலையை நீட்டினார். “சீக்கிரம் ரேணுகா. இருட்டுனா காட்டு யான ரோட்டுல வந்து நின்னுக்கும். அப்புறம் விடிஞ்சாத்தான் வண்டி.”

“நீ போ செலஸ்டினு. நான் சாகிறதுக்கு ஒன் ஜீப்பு எதுக்கு?” காத்தாயி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே விக்கலாயிற்று. காலையிலிருந்து ஒரு வாய்க் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. ரேணுகாவும் செலஸ்டினும் தூக்கிப் போகப் பார்த்தார்கள். கதவு நிலையைப் பிடித்தவள் விடவில்லை.

ரேணுகா பாயருகே குத்துக்காலிட்டாள். “சரி, காய்ச்ச என்னைக்கும்மா வந்துச்சு?”

“லீவு போட்ட அன்னைக்குத்தான்.”

“அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லையா?”

“குளிரு ஒதறும். அதுக்காகக் கொழுந்து எடுக்காம இருக்க ஏலுமா? லீவுக்கு முந்துன நாலு நாளும் முழுப் பேரு. ஒரு அரப் பேருகூட விழல, பாத்துக்க.”

எஸ்டேட்டில் ஒரு நாள் முழு வேலைக்குப் பதிவேட்டில் ஒரு பேர் விழும்; குறைந்தால் அரைப் பேர். பேர் விழுந்த நாளில் நோய் இருந்ததாக லயத்தில் எவரும் கணக்கு வைப்பதில்லை. படுத்தால்தான் காய்ச்சல். ரேணுகா அந்த நாலையும் இந்த நாலையும் கூட்டினாள்.

“அம்மா, அந்த இத்தாலி வாத்தியாருங்களுக்குள்ள இதுலதான் சண்டயே. படுத்த நாள்ல இருந்து எண்ணணுமா, மொதக் குளிரு எடுத்த நாள்ல இருந்தான்னு. குளிருல இருந்து எண்ணுனா ஒனக்கு இன்னைக்கு எட்டு. ஏழாம் நா நேத்தே போயிருச்சு. வேர்த்துச்சா?”

காத்தாயி விரல்களை மடக்கினாள். பிரித்தாள். மறுபடியும் மடக்கினாள். அதுவரை வாயடித்துக்கொண்டிருந்த முகத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

“வேர்க்கல,” என்றாள். “என்னயப் புடி.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எத்தன நாளா?”

ரேணுகா வாயைத் திறப்பதற்குள் காத்தாயி முந்திக்கொண்டாள். “எட்டு. வேலைக்குப் போனதையும் சேத்து.”

‘உடனே பெட் போடு’ என்று டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.