வைக்கோல் புரிக்கு வெளியே

அப்பா நல்ல சுகத்தோடுதான் ஆசுப்பத்திரிக்குப் போனார். தை பிறந்து எட்டாம் நாள். காலையில் குரக்கன் பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாய்க்கால் கட்டு வழியே நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். வழியில் ஏரம்பர் மண்வெட்டியோடு நின்றார். அவர் எங்கள் அடுத்த காணிக்காரர். அப்பாவும் அவரும் ஒரே வருடம் சாவகச்சேரியிலிருந்து வட்டக்கச்சிக்குக் காணி கிடைத்து வந்தவர்கள்.

"எங்க பயணம், இளையதம்பி?"

"வவுனியாவுக்கு. ஆசுப்பத்திரியில படுக்கப் போறன்."

"ஆருக்கு வருத்தம்?"

"எனக்குத்தான்."

ஏரம்பர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "காய்ச்சல் வரமுன் கஞ்சி காய்ச்சிற மனிசனை இப்பதானடாப்பா பாக்கிறன். மாப்பிளை மாதிரிப் போறாய். கட்டிலில பூவும் போட்டு வைச்சிருப்பினம், போ."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பஸ் வரும்வரை முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே நின்றா. படுக்கையில் விழாத மனிதரை ஆசுப்பத்திரிக்கு அனுப்புவது அபசகுனம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஆனால் போன மாசியை நாங்கள் மறக்கவில்லை. அப்பாவுக்குப் பல வருடமாக முட்டு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும். வருடம் முழுவதும் அதோடு சமாளித்துவிடுவார். மாசியில் சூடு மிதிக்கும்போதுதான் முடியாது. வெட்டிய கதிரைக் குவித்து வைத்த சூட்டைப் பிரித்து, களத்தில் பரப்பி, எருமைகளை விட்டு மிதிப்பார்கள். பிறகு நெல்லைக் காற்றில் தூற்றுவார்கள். அந்தத் தூசி மூன்று நாள் வானத்தில் நிற்கும். போன வருடம் தூற்றிய அன்று அப்பாவின் உதடு நாவற்பழ நிறமாகிவிட்டது. படுக்க முடியவில்லை. நெல்மூட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்தபடி இருந்தார். வண்டிலில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தவர் பழைய அப்பா அல்ல. கிணற்றில் ஒரு வாளி அள்ளினால் நின்று ஆறவேண்டும்.

அந்த மாதந்தான் நான் பள்ளிக்கூடம் போவதை விட்டேன். எட்டாம் வகுப்பு. ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. அம்மா வயலுக்குப் போனா. வெந்நீர் வைத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். நான் நின்றேன், அவ்வளவுதான்.

பிறகு ஆவணியில் டொக்டரிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் அப்பாவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"ஒவ்வொரு முறை முட்டு வந்து போகேக்கையும் உம்மட மூச்சில கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகுது. போனது திரும்பாது. அதனால இந்தமுறை அது வாறத்துக்கு முதல் நீர் வாரும். தையில வந்து படுத்து, மாசி முடியும்வரைக்கும் இரும். சளியை எடுத்து, நெஞ்சைப் பலப்படுத்தி அனுப்புறன். தூசி அடங்கின பிறகு வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப சூடு மிதிக்கிறது, ஐயா?"

"உம்மட சுவாசப்பையாலயோ மிதிக்கிறது? எருமையைக் கொண்டு மிதியும்."

அப்படித்தான் அப்பா போனார்.

அவர் போன பிறகு வீட்டில் அந்த விசில் சத்தம் இல்லை. நான் அதோடு வளர்ந்தவள். குசினியில் இருந்தபடியே, அப்பா முற்றத்தில் நிற்கிறாரா, வாய்க்காலடியிலா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். இப்போது அடுப்பு ஊதும்போது ஏதாவது இரைந்தால் திரும்பிப் பார்ப்பேன். அப்பா சாய்ந்திருக்கும் மரக் கதிரை முற்றத்துப் பக்கம் திரும்பியபடியே கிடந்தது. கூட்டும்போதுகூட நான் அதை நகர்த்தவில்லை.

கிழமைக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. பக்கத்துக் கட்டில்காரர் இஸ்ஸதீன் என்பவர் எழுதிக் கொடுத்தார். வவுனியாவில் புடைவைக் கடை வைத்திருந்தவர், அவருக்கும் இதே வருத்தம். காலையில் கட்டிலின் ஓரத்தில் தலை தரையைப் பார்க்கக் கவிழ்ந்து படுக்கச் சொல்வார்களாம். தாதி மிஸி கையைக் குவித்து முதுகில் தட்டத் தட்டச் சளி வருமாம். பிறகு இரண்டு போத்தல், நடுவில் குழாய். ஒன்றில் சிவப்புத் தண்ணீர். வாயால் ஊதி அதை மற்றப் போத்தலுக்கு அனுப்பவேண்டும். 'முதல் நாள் கால் போத்தல் ஊதினேன். இப்போது அரைப் போத்தல்' என்று அப்பா சொல்ல, 'இது பொய்யில்லை, நான் சாட்சி. இப்படிக்கு இஸ்ஸதீன்' என்று அவர் கீழே எழுதியிருந்தார்.

பதில் எழுதுவது என் வேலை. அம்மா அடுப்படியில் இருந்தபடி சொல்லுவா. "எல்லாரும் சுகம் எண்டு எழுது. வெள்ளைச்சி மாடு கண்டு போட்டிட்டுது எண்டு எழுது. மருந்தை ஒழுங்காக் குடிக்கச் சொல்லு. வேற என்ன, அவ்வளவுதான்."

முதல் இரண்டு கடிதமும் அவ்வளவுதான் எழுதினேன். மூன்றாவதை எழுதிய அன்று வயல் வெட்டி முடிந்திருந்தது. சூடு வைத்துவிட்டார்கள். நான்கு வரிக்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது. நானே எழுதினேன்.

எங்கள் சூடு ஏரம்பரின் சூட்டைவிட ஒரு முழம் உயரம் என்று எழுதினேன். பச்சை வைக்கோல் மணம் குசினிக்குள்ளும் வருகிறது என்று எழுதினேன். உங்கள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை, ஒரு மைனா மட்டும் இருந்தது என்று எழுதினேன். வியாழக்கிழமை மிதிப்பு, சனிக்கிழமை தூற்றுவார்கள். பொலி சொல்ல உங்களைப்போல ஒருவருக்கும் குரல் இல்லை என்று சின்னராசா மாமா கவலைப்படுகிறார் என்றும் எழுதினேன்.

களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். தூற்றும்போது ஒருவர் "பொலி… பொலி…" என்று இழுத்துச் சொல்ல, மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் குவியல் பெருகும். முட்டு முற்றுவதற்கு முன்னால், எங்கள் பக்கத்தில் அதைச் சொன்னவர் அப்பாதான். அவர் சொன்னால் மூன்று காணிக்கு அப்பால் கேட்கும்.

கடிதத்தை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். மனம் லேசாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் களத்துக்குச் சோறு கொண்டுபோனேன். களத்தைச் சுற்றி வைக்கோலைக் கயிறாக முறுக்கிப் புரி போட்டிருக்கும். தூற்றி முடியும்வரை பெண்கள் அந்தப் புரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பொலி போய்விடும் என்பார்கள். நான் வழக்கம்போல வீரை மரத்தடியில் கடகத்தை இறக்கிவிட்டு விலகி நின்றேன். களத்துக்கு மேலே மஞ்சள் புகைபோலத் தூசி நின்றது.

அப்போது வாய்க்கால் கட்டில் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, கையில் துணிப்பை. நிமிர்ந்து, எங்கும் நிற்காமல் வந்த நடையைப் பார்த்து முதலில் யாரோ என்று நினைத்தேன். அப்பா அப்படி நடந்து ஆறு வருடம்.

ஓடினேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். விசில் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. சவர்க்காரமும் ஆசுப்பத்திரி மருந்தும் மணத்தது.

"என்ன பிள்ளை, பேயைக் கண்டமாதிரிப் பாக்கிறாய்?"

"விட்டிட்டினமோ, அப்பா?"

"எங்க விட்டது! இஸ்ஸதீன் என்ர கட்டிலில தன்ர பெட்டியை வைச்சுக்கொண்டு இருக்கிறான். மிஸி கேட்டால் குளிக்கப் போயிட்டார் எண்டு சொல்லுவான்."

"ரெண்டு நாளாவோ குளிக்கிறது?"

அப்பா சிரித்தார். "உன்ர கடிதத்தை அவன் சத்தமா வாசிச்சவன். வாட்டே எழும்பியிருந்து கேட்டது. மைனாவை எழுதினாயே, அந்த இடத்தில நாயாத்துக் கிழவன் ஒருத்தன் அழுதே போட்டான். அதுக்குப் பிறகு எனக்குப் படுக்கை கொள்ளேல்லை. தூத்திற அண்டு மட்டும்தானே. ஒரு நாள். பொலியைச் சொல்லிப்போட்டு நாளைக்குப் போயிடுவன்."

வெறும் தாளை நிரப்ப நான் எழுதியது அவரை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தது.

"வேண்டாம் அப்பா. வீட்டை வாங்கோ."

"இப்ப முக்கால் போத்தல் ஊதுறன் தெரியுமே?"

"மாசி முடியும்வரை எண்டல்லோ டொக்டர் சொன்னவர். அங்க பாருங்கோ தூசியை."

அவர் பார்த்தார். ஆனால் தூசியைப் பார்க்கவில்லை. குவியலைப் பார்த்தார். நடக்கத் தொடங்கினார்.

களத்தில் இருந்தவர்கள் கண்டுவிட்டார்கள். ஏரம்பர் சுளகை உயர்த்தினார். "வா, வா! ஆசுப்பத்திரிச் சோறு உடம்பில தெரியுது! சின்னராசா இஞ்ச காலமையில இருந்து தவளை மாதிரிக் கத்துறான்!"

அப்பா செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். துவாயைத் தலையில் சுற்றினார். போன மாசியில் அவர் மூட்டையில் கையூன்றி இருந்ததும், அந்த உதடும் எனக்கு முன்னால் வந்தன. போனது திரும்பாது என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நான் அவரைத் தாண்டி ஓடினேன். வைக்கோல் புரியில் பெருவிரல் முட்ட நின்றேன். ஆண்கள் கூடிய இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அப்பா, நீங்கள் உள்ளுக்குக் கால் வைச்சால் நானும் வைப்பன்."

சுளகுகள் நின்றன.

"பெட்டை! விசரே உனக்கு?" ஏரம்பர் கத்தினார். "ஒரு வருசப் பாடு கிடக்கு! விலகடி அங்கால!"

"விமலம், வீட்டை போ பிள்ளை," என்றார் மாமா மெதுவாக.

நான் ஒருவரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். அவர் வேகமாக மூன்று அடி எடுத்து எனக்குப் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அந்த நேரம் காற்று சுழன்று தூசியை எங்கள் பக்கம் தள்ளியது. அப்பா இருமினார். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. அதன் முடிவில் அந்த விசில் மெல்லிதாகக் கேட்டது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. களத்தில் இருந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"காலை எடு, பிள்ளை," என்றார். "வா."

காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, வாய்க்கால் கட்டுக்குப் போனோம். அவர் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தைக் கழுவினார், குடித்தார். ஆசுப்பத்திரியில் பழக்கியபடி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஊதி மூச்சு விட்டார். விசில் அடங்கியது. களத்தில் மாமா பொலி சொன்னார், உண்மையாகவே தவளை மாதிரித்தான் இருந்தது.

அப்பா எழும்பி நின்றார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"பொலி…"

பழைய குரல் இல்லை. பாதி வழியில் மெலிந்தது. ஆனால் காற்று எங்கள் பக்கமிருந்து களத்துக்கு வீசியது, அதைக் கொண்டுபோயிற்று. சுளகுகள் அப்படியே நின்றன. பிறகு ஏரம்பர்தான் முதலில் ஏற்றார். "பொலி, பொலி!" சுளகுகள் மறுபடி ஆடின.

மூன்று முறை சொன்னார். நான்காவதுக்கு நின்றுவிட்டார். "போத்தலில கால்வாசி மிச்சம் கிடக்கு," என்றார்.

மறுநாள் காலை றெயிலில் போனார். கிளிநொச்சி ஸ்டேசனில் யன்னலால் கையை நீட்டி என் தலையில் வைத்தார். "இனிக் கடிதத்தில ஒண்டும் எழுதாதை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது மாசி இருபத்திரண்டு. எங்கள் நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, மற்றக் காணிகளில் இன்னும் தூற்றுகிறார்கள். ஏரம்பர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். அப்பாவுக்கென்று ஒரு போத்தல் தேன் மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நேற்றுக் கடிதம் வந்தது. அப்பா முழுப் போத்தலும் ஊதிவிட்டாராம். கீழே இஸ்ஸதீன் எழுதியிருந்தார்: 'மகள், உங்கள் கடிதங்களில் இப்போது ஏன் ஒன்றுமே இல்லை? மைனா என்ன ஆயிற்று என்று வாட்டில் கேட்கிறார்கள்.'

நான் பதில் எழுதினேன். எல்லாரும் சுகம். கண்டு நன்றாகப் பால் குடிக்கிறது. மருந்தை ஒழுங்காகக் குடிக்கவும்.

மைனா ஒவ்வொரு நாளும் வருகிறது. கதிரையின் கையில் இருந்து முற்றத்தில் சிந்திய நெல்லைப் பார்க்கிறது. புது அரிசிச் சோறு இன்னும் வடிக்கவில்லை. அவர் வரட்டும் என்று அம்மா ஒரு கொத்து அரிசியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறா. வாய்க்கால் கட்டில் யார் வெள்ளை வேட்டியோடு வந்தாலும் நான் எழும்பி நிற்கிறேன், வந்துவிடக்கூடாது என்றும் நினைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் வேறு தாளில் எழுதி, மடித்து, அலுமாரியில் அப்பாவின் வேட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். மாசி முடிய இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.