வளைந்து போன விமானம்

இப்போதெல்லாம் கேட்ட கேள்விக்கு எவரும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. திரையைப் பார்த்தே சொல்கிறார்கள். விமான டிக்கெட் போட்டுத் தரும் கடைப் பெண்ணும் அப்படித்தான். எதிரே ஒரு கிழவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று நிமிரக்கூட இல்லை.

"மொத்தம் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் தாத்தா. இன்னும் ஒன்றரை மணி நேரத்துல போய்ச் சேந்துடும்."

"அது கெடக்கட்டும். இப்ப எங்க இருக்குன்னு காட்டு."

மகள் கைக்குழந்தையோடு புருஷன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் பயணம். பயமாயிருக்கு என்று அழுதவளை அதட்டி ஏற்றிவிட்டவரே இவர்தான்.

பெண் திரையைத் திருப்பினாள். மஞ்சளாக ஒரு குட்டி விமானம். அது வந்த தடம் நேராக இல்லை. வில்லாக வளைந்து, வடக்கே பனிக்கடல் வரைக்கும் ஏறி இறங்கியிருந்தது. கிழவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நேர் ரோடு இருக்கும்போது சுற்றிப் போகிறவன் ஒன்று வழி தெரியாதவன், இல்லை சரக்கை வழியில் இறக்கி விற்கிறவன்.

தோளில் கிடந்த துண்டை முறுக்கி, சுவரில் தொங்கிய உலகப் படத்தில் சொந்த ஊரிலிருந்து மகள் போகும் ஊர் வரைக்கும் இழுத்துப் பிடித்தார்.

"பாரு, இப்படித்தானே போகணும்? அவன் எதுக்கு அங்க ஏறுறான்? கடத்திட்டானுங்களா?"

"அதுதான் தாத்தா குறுக்கு வழி. பூமி உருண்டை. படத்துல தட்டையா வரைஞ்சதால வளைஞ்ச மாதிரி தெரியுது."

"எனக்கே குறுக்கு வழி சொல்லித் தர்றியா? நான் லாரி ஓட்டினதும் இதே உருண்டை மேலதான்!"

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் விமானம் அசையாமல் நின்றது.

"ஏம்மா, நகரலையே?"

"கடல் மேல சிக்னல் கெடைக்காது. கொஞ்ச நேரம் நிக்கும்."

"நிக்குமா? ஆகாசத்துல நிக்குமா?"

நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். பேத்தியின் உள்ளங்கால் சூடு இன்னும் கையில் இருந்தது. சும்மா கிடந்தவளை நான்தானே தள்ளிவிட்டேன் என்று மனசு அரித்தது. பெண் நீட்டிய தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது.

திடீரென்று விமானம் பழைய இடத்தில் மறைந்து, கரையோரம் முளைத்தது. அதையும் அவர் நம்பவில்லை. பையிலிருந்த போன் அடித்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

"அப்பா, எறங்கிட்டோம்பா. பாப்பா தூங்கிட்டே வந்துச்சு. கீழ பாத்தா ஒரே பனி, வெள்ளை வெளேர்னு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டவர் கடைப் பெண்ணிடம் திரும்பினார்.

"கேட்டியா? பனிக்குள்ள கொண்டுபோய் விட்டிருக்கான். அப்புறம் தட்டுத் தடவி வழி கண்டுபிடிச்சிருக்கான்."

"தாத்தா, சொன்ன நேரத்துக்குச் சரியா எறங்கியிருக்கு."

"வெரட்டி ஓட்டி ஈடு கட்டியிருப்பான். நான் செய்யாத வேலையா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவர், திரும்பாமலே சொன்னார்: "அவ வர்றப்பவாவது நேர் ரோட்டுல வர்ற விமானமாப் பாத்துப் போடு."