கீழ் வீட்டில் குடியேறிய வெக்கை

மூன்றாம் மாடியில் குடியிருந்த சங்கத் தலைவரின் வீட்டு ஏசி வெளியே தள்ளிய வெக்கை, அந்தக் கோடையில் தரைத்தளத்துத் தையல்காரர் வீட்டுக்குள் வந்து, அளவு கொடுக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அது வந்தபோது மத்தியானம். தையல்காரர் ஒரு பேன்ட்டுக்கு இடுப்புப்பட்டி வைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி கிறீச்சிட்டது, மெத்தை அமுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அடுப்புக்கு மேலே காற்று நெளியுமே, அந்த மாதிரி ஒரு நெளிசல் மட்டும் ஆள் அளவுக்கு இருந்தது. கால் மேல் கால் போட்டிருந்தது. பேசப் போகிற பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமியது, ஆனால் பேசவில்லை. தையல்காரரின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க அது?" என்றாள். "தெரியல. அளவு கொடுக்க வந்த மாதிரி தோணல," என்றார் அவர்.

இது எப்படி நடந்தது என்று பின்னால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். காரணம் ஒன்றுதான், திமிர். கட்டடத்தின் முகப்பு அழகு கெடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள்; அதாவது தலைவர் முடிவு செய்தார், மற்றவர்கள் டீ குடித்தார்கள். ஏசியின் வெளிப்பெட்டியைத் தெருப் பக்கம் யாரும் மாட்டக்கூடாது, கட்டடத்தின் நடுவில் வெளிச்சத்துக்காக விட்டிருந்த இடைவெளிக்குள்தான் மாட்ட வேண்டும். அந்த இடைவெளி கிணறு மாதிரி இருக்கும். மாடி வீடுகளுக்கெல்லாம் அந்தப் பக்கம் குளியலறைச் சுவர்தான். அடியில் ஒரே ஒரு ஜன்னல், அது தையல்காரர் வீட்டுடையது. முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, அந்த அறைக்குக் காற்று வருகிற ஒரே வழி அதுதான். வெக்கை மேலேதானே போகும், கீழே எப்படி இறங்கும் என்று படித்தவர்கள் கேட்டார்கள். மேலே போக அதற்கு யார் வழி விட்டது? புறா எச்சம் விழுகிறது என்று இடைவெளியின் உச்சியில் தகரம் போட்டு அடைத்ததும் இதே தலைவர்தான்.

அந்த ஏசி எப்படி ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். தலைவரும் அவர் மனைவியும் அதைப் பதினாறில் வைப்பார்கள். பிறகு குளிர் தாங்காமல் தடித்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். கம்பளிக்குள் காலுக்கு சாக்ஸ் வேறு. புத்தியுள்ள மனுஷன் செய்கிற காரியமா இது? வெயிலை வீட்டை விட்டு விரட்டிவிட்டு, பிறகு வெயில் வேண்டும் என்று கம்பளிக்குள் போய்த் தேடுவது. விரட்டியது எங்கே போகும் என்று ஒருநாளாவது யோசித்திருப்பார்களா? யோசிக்க மாட்டார்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால் போதும், அது ஒழிந்துவிட்டது என்று நினைக்கிற ஜாதி அது.

வெக்கை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தார்கள். ஏற்கெனவே உள்ளே வந்ததற்கு ஜன்னல் சாத்தினால் என்ன, திறந்தால் என்ன? துணியில் கோடு போடுகிற மெழுகுக்கட்டிகள் பெட்டிக்குள்ளேயே உருகி ஒன்றாக ஒட்டிக்கொண்டன. காய்ச்சாத பால் ஆடை கட்டியது. காலர்களை நாற்காலியின் முதுகில் மடித்துத் தொங்கவிட்டால் இஸ்திரி போட்ட மாதிரி விறைத்து நின்றன. முதல் வாரம் தையல்காரருக்கு இது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. வந்தவர்களிடம், "கூலி கேக்காத வேலைக்காரன், பாத்துக்கங்க," என்று காட்டினார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "வேலைக்காரனா? வேலைக்காரனாவது சாயங்காலம் வீட்டுக்குப் போவான்," என்றாள். அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. பின் அறையில் அவர்கள் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். குழந்தைக்குக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. நாற்காலிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

தையல்காரர் மாடிக்குப் போனார். தலைவர் கதவை முழுதாகத் திறக்கவில்லை, குளிர் போய்விடுமாம்.

"சார், உங்க வீட்டு வெக்கை எங்க வீட்ல வந்து உக்காந்திருக்கு."

"எங்க வீட்டுதுன்னு எப்படிப்பா சொல்ற? பேர் எழுதி ஒட்டியிருக்கா?"

"கால் மேல கால் போட்டிருக்கு சார். அப்படியே உங்கள மாதிரியே செருமுது."

உள்ளே தலைவரின் மனைவி சிரித்துவிட்டாள். தலைவர் சிரிக்கவில்லை. மாடிப்படிச் சுவரில் அவரே ஒட்டி வைத்திருந்த அச்சடித்த தாள் ஒன்றை உரித்து எடுத்துக் கொடுத்தார். இயற்கையைக் காக்க அன்றாடம் செய்ய வேண்டிய எளிய பழக்கங்கள் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "இதப் படி. கீழ நீங்க ஒழுங்கா இருந்தா எந்த வெக்கையும் வராது. இஸ்திரிப் பெட்டி வச்சிருக்கேல்ல? அதான் பிரச்சினை," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளைக்காகத் தையல்காரர் வீடு அந்தத் தாளில் இருந்ததையெல்லாம் செய்தது. ஜன்னலில் ஈரத்துணி கட்டினார்கள். சமையலை விடியுமுன்னே முடித்தார்கள். பகலில் விளக்குப் போடவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள். தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த வயதில் அவர் காலால் மிதித்தார். குழந்தை குளித்த தண்ணீரை வாசல் சிமென்ட்டில் தெளித்தார்கள். துணிப்பை கொண்டு போகவும் என்று ஒரு வரி இருந்தது. வெட்டு மிஞ்சின துணியில் பை தைத்துத் தெருவுக்கே கொடுத்தவள் அந்த வீட்டுக்காரி. மிச்சம் பிடிப்பதும், அணைப்பதும், ஒட்டுப் போடுவதும், திரும்பத் திரும்ப ஒன்றையே புழங்குவதும் அவர்கள் வீட்டில் வேறு வழியில்லாமல் காலங்காலமாக நடக்கிற காரியம். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை, மாலை போட்டதில்லை. அதையே அச்சடித்து அவர்கள் கையில் கொடுப்பதற்குக் கூசாத ஒரு முகம் வேண்டும். அது தலைவருக்கு இருந்தது. வெக்கையோ ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. ஏன் பெருக்காது? சாப்பாடு மேலேயிருந்து வந்துகொண்டிருந்ததே.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. அழாததுதான் மகளைக் கலக்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, மருந்து தருகிறேன், ஆனால் இந்த அறையில் வைத்திருந்தால் மருந்து வேலை செய்யாது, குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். குளிர்ச்சியான இடம் எங்கே இருக்கிறது என்று மகளுக்குத் தெரியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆத்திரத்தில் மாடிப்படிப் பக்கத்துக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

மாடியில் தலைவரின் மனைவி கதவைத் திறந்ததும், மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் படுக்கையறைக்குப் போய்க் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். தலைவர் கம்பளியோடு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது என்ன சத்திரமா?"

"சத்திரம் எங்க வீடு சார். உங்க ஆளு ஒருத்தர் அங்கதான் தங்கியிருக்காரு. அவரு கிளம்புற வரைக்கும் நாங்க இங்க."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வர்றவங்க கீழ ஒரு தடவ உக்காந்து பாத்துட்டு வரட்டும்." சொல்லிக்கொண்டே ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பதினாறா? பிள்ளை என்ன ஐஸ்ல போட்ட மீனா?" இருபத்தாறுக்கு ஏற்றினாள். தலைவரின் மனைவி சாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழந்தையின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "என்னங்க, அனலா கொதிக்குது," என்றாள் புருஷனிடம். அவர் ரிமோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நேரம் கீழே, "என்னங்க, எந்திரிச்சிருச்சு!" என்று தையல்காரரின் மனைவி கத்தினாள். வெக்கை நாற்காலியை விட்டு எழுந்து, திறந்து கிடந்த கதவு வழியாக மாடிப்படிக்குப் போனது. அது போக்கிடம் இல்லாமல்தான் அத்தனை நாள் அங்கே கிடந்திருக்கிறது. இறங்குகிற வழி மட்டுமே அதற்குக் காட்டப்பட்டிருந்தது; ஏறுகிற வழியை அன்றைக்குத்தான் மகள் போய்க் காட்டினாள். கைப்பிடி பிடித்து ஏறியது. பிடித்த இடமெல்லாம் பெயின்ட் கொப்பளித்தது. மூன்றாம் மாடியில் கதவைத் தட்டவில்லை. சொந்த வீட்டுக்கு யார் தட்டுவார்கள்?

அது உள்ளே நுழைந்ததும் தலைவர் ரிமோட்டைப் பறித்துப் பதினாறுக்கு இறக்கினார். ஏசி அதை உறிஞ்சி வெளியே எறிந்தது. வெக்கை இடைவெளியில் விழுந்து, தையல்காரர் ஜன்னல் வழியாக வந்து, தொட்டிலையோ நாற்காலியையோ திரும்பிக்கூடப் பார்க்காமல் கடை வழியாக வெளியேறி மறுபடி படி ஏறியது. ஏசி மறுபடி எறிந்தது, அது மறுபடி ஏறியது. எறிகிற ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் சூடும் சேர்ந்து இன்னும் கனத்துக்கொண்டே வந்தது. சாயங்காலத்துக்குள் ஏசி முக்கி முனகி, கருகின வாடை விட்டு, நின்றுபோனது. வெக்கை அறைக்கு நடுவில் நின்று தொண்டையைச் செருமியது. பழக்க தோஷத்தில் தலைவரும் செருமினார். பிறகு அது கட்டிலில் அவர் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே நாற்காலி தொட்டால் சில்லென்றிருந்தது. ஜன்னலில் கட்டியிருந்த ஈரத்துணி, அந்தக் கோடையில் முதல் தடவையாக உள்பக்கம் அசைந்தது. இருட்டுவதற்குள் குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. வாய் விட்டு அழுதது. தெருவே கேட்கிற மாதிரி அழுதது. தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பால் குடித்துத் தூங்கியது.

தலைவர் புது ஏசி வாங்கினார். அதுவும் ஒரு வாரத்தில் கருகியது. தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கப் பார்த்தார்; வெக்கை பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது, கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் இடைவெளி மேலிருந்த தகரத்தைப் பிரித்தார். காலையில் ஜன்னலைத் திறந்தார், வெயில் ஏறியதும் திரை போட்டார், மூன்றாவதாக வாங்கிய ஏசியை ரொம்பவும் புழுங்குகிற நாளில் மட்டும் இருபத்தாறில் வைத்து, அறை ஆறியதும் அணைத்தார். வெக்கை இளைத்து இளைத்து ஒரு பூனை அளவுக்கு வந்தது. அவர் திருந்தினார் என்று யாரும் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பிழைத்து எழுந்த அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்றுவரை கீழ் வீட்டில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை அந்த ஆள். தையல்காரரும் அவருக்கு உடுப்புத் தைப்பதில்லை. துணியோடு வந்தால், "அளவு எடுக்கக் கை வரல சார்," என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிறார்.

அந்த வட்டாரத்தில் இப்போது ஏசி வாங்கப் போனால், வீட்டில் எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்கிறார். சொன்ன கணக்கோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு, "சரி, அது எங்க படுக்கும்?" என்கிறார். இடம் இருக்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஜன்னலைத் திறந்துகொள்கிறார்கள்.