மாதங்கிக்குப் பதினாறு நாள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் லயம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ராமலட்சுமி ‘மாதங்கி’ நாவல் தொடரின் ஏழாம் பாகத்தை முடித்தாள். முடித்தவள் புத்தகத்தை மூடவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலிருந்த வெற்றுத்தாளையும் புரட்டிப் பார்த்தாள். அதற்கும் பின்னால் அட்டைதான் இருந்தது.

பதுளை நகருக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பாகமாக வாங்கி, நான்கு ஆண்டுகள் வாசித்த கதை அது. முதற்பாகத்தில் கணவனைப் பறிகொடுத்த மாதங்கி, அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிறாள். தான் யாரென்று தேடுகிறாள். தேடிக் கண்டடைந்தபின், கரையில் காத்து நிற்கும் வாத்தியாரையும் விட்டுவிட்டு ஒரு படகில் ஏறிப் போய்விடுகிறாள். அவள் ஏறியது சரிதானா என்று யாருடனாவது பேசியாக வேண்டும். ராமலட்சுமியோடு கொழுந்து பறிக்கும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியும் அதை வாசித்திருக்கவில்லை. அவள் கணவர் இராசையாவோ, அந்த ஏழு பாகங்களையும் இடத்தை அடைக்கும் பொருள்களாக மட்டுமே அறிந்திருந்தார்.

அன்று மாலை அவளுக்கு அடுப்பு மூட்ட மனம் வரவில்லை.

லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்தால் அதற்கு ஒரே பொருள்தான். பக்கத்து வீட்டுச் சிவசக்தி முதலில் புகையில்லாத கூரையைப் பார்த்தாள். பிறகு எட்டிப் பார்த்து, அழுது வீங்கிய கண்களையும் கண்டாள்.

“போனது யாருக்கா?”

“மாதங்கி.”

“எந்தத் தோட்டம்?”

“புத்தகத்துல வர்றவ.”

சிவசக்தி சற்று யோசித்தாள். “எதுல வந்தா என்ன, அடுப்பு அணைஞ்சது அணைஞ்சதுதானே,” என்று சொல்லிவிட்டுப் போய், ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலையில் அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மாலையில் அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து. துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும் முறை, எவரும் அறிவிக்காமலேயே லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நகரத் தொடங்கியது.

முதல் இரண்டு நாள் இராசையா இலக்கியத்தின் பயனை மனதாரப் போற்றினார். மூன்றாம் நாள் லீக்ஸ் மரக்கறியைக் கிளறிப் பார்த்தார்.

“ஏம்மா சிவசக்தி, மூணு நாளா ஒரு கருவாட்டுத் துண்டைக்கூட காணோமே?”

“துக்க வீட்டுக்கு எப்படிண்ணே கவுச்சி கொண்டாறது? கருமாதி வரைக்கும் சைவந்தான்.”

“பதினாறு நாளா? செத்தது யாரு?”

“யாரும் சாகலங்க,” என்றாள் ராமலட்சுமி. “படகுல ஏறிப் போயிட்டா.”

“போனவ வருவால்ல?”

“புத்தகம் முடிஞ்சிருச்சாம்ணே,” என்றாள் சிவசக்தி. “அப்புறம் எப்படி வருவா? பாவம், ஏழு புத்தகமா தன்னையே தேடினாளாம்.”

“எங்க வச்சுத் தொலைச்சாளாம்?”

ராமலட்சுமியின் கண் மறுபடியும் நிறைந்தது. இராசையா எழுந்து, அடுக்கின் மேலிருந்த ஏழாம் பாகத்தை எடுத்தார். “இவ உயிரோடதான் இருக்கான்னு நானே படிச்சுக் காட்டுறேன். அப்புறம் கருவாடு வரணும்.”

தேயிலைத் தொழிற்சாலைக்குக் காய்ச்சலென்று சொல்லியனுப்பிவிட்டு இரண்டு நாள் படித்தார். ஐந்தாம் நாள் மாலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை.

“ஏன் புள்ள, அந்த வாத்தியாரு அவ்வளவு நல்லவரு. அவரை விட்டுட்டு இவ எதுக்குப் படகுல ஏறணும்?”

ராமலட்சுமி ஏங்கியிருந்த கேள்வி அது. வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“சொல்லாத. ஆறாவதுல இருக்கும். நானே பாத்துக்கிறேன்.”

“ஏங்க, மொதல்லருந்து படிக்கணுங்க.”

“நடந்தது எதுனாலன்னு தெரியணும்னா பின்னாலதானே போகணும்.”

அவர் பின்னால் போனார்; ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் கடைசி அத்தியாயத்திலிருந்து முதல் அத்தியாயத்துக்கு. ஆறாம் பாகம் ஐந்தாம் பாகத்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியது. ஐந்தாம் பாகம் நான்காம் பாகத்தைப் பற்றி. கேட்கத் துடிப்பவர் ஒருவர், சொல்லத் துடிப்பவள் ஒருத்தி. இருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாமல் இருவரும் ஒரே வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். ராமலட்சுமி வாயெடுத்தாலே அவர் காதைப் பொத்திக்கொண்டார். சோறு வந்துகொண்டேயிருந்தது. பதினாறாம் நாளுக்குப் படையல் யார் வீட்டுப் பொறுப்பு என்று லயம் பேசத் தொடங்கியிருந்தது.

பதினைந்தாம் நாள் காலை இராசையா முதற்பாகத்தை மூடினார். முகம் மலர்ந்திருந்தது.

“முடிச்சிட்டேன். என்னமா முடிச்சிருக்காரு அந்த மனுசன்.”

“என்ன முடிச்சாரு?”

“அவ புருஷன் திரும்பி வந்துட்டான்ல. கிணத்தடியில நின்னு ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. தேடினது, அலைஞ்சது எல்லாம் அவளுக்கு மறந்தே போச்சு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.”

“அது ஆரம்பங்க. அவன் அந்தப் பாகத்துலேயே சாகப்போறான்.”

“செத்ததை நேத்தே படிச்சு அழுதுட்டேன். இன்னைக்குத்தானே வந்தான்.”

ராமலட்சுமி அவரையே பார்த்தாள். நான்கு ஆண்டுகளாகத் தான் சுமந்த துயரை, இந்த மனிதர் பன்னிரண்டே நாளில் ஒரு கல்யாண வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கோபம் வந்தது. கோபத்தோடு, நெடுநாள் பசித்தவளுக்குச் சோற்று வாசம் பட்டதைப் போன்ற ஒன்றும் வந்தது. ஏழு பாகங்களையும் எடுத்து, ஒன்றாம் பாகம் மேலே இருக்கும்படி அவர் முன் அடுக்கி வைத்தாள்.

“இங்க உட்காருங்க. அவ படகுல ஏறினது சரிதான்.”

“தப்பு,” என்றார் இராசையா, சம்மணமிட்டபடி. “வாத்தியாரை ஏமாத்திட்டா.”

வாசலில் மரக்கறிச் சட்டியோடு வந்து நின்ற சிவசக்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, நாளைக்குக் கருமாதி இருக்கா, இல்லையா?”

“இரு சிவசக்தி,” என்றாள் ராமலட்சுமி, திரும்பாமலேயே. “மொதல்ல இவருக்கு வாத்தியாரைப் பத்திச் சொல்லி முடிக்கிறேன்.”