இயற்றியவர் பெயர் தெரியவில்லை

கண்ணுகளா, மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சடையாண்டி என்று ஒருவர் இருந்தார். பால்மரம் சீவிக்கொண்டே பாட்டுக் கட்டுவார். காய்ச்சலில் அவர் போன பிறகு, அந்தப் பாட்டெல்லாம் அவர் மனைவி இருசம்மாளிடம்தான் மிஞ்சியது.

முப்பத்து மூன்றாம் வருஷம் சென்னையில் உள்ள ஒரு தமிழாராய்ச்சிப் பதிப்பகத்துக்காகப் பண்டிதர் ஏகாம்பரநாதர் பாட்டுச் சேகரிக்க வந்தார். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கால் புண்ணோடு இருசம்மாள் மட்டும் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் இருந்தாள். அவள் பாடப் பாட அவர் எழுதிக்கொண்டார்.

"இதெல்லாம் கட்டினது யாரம்மா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"அவர் பேர்?"

செத்துப்போனாலும் புருஷன் பேரைச் சொல்லலாமா? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்சம் இருங்க சாமி. வேலைக்குப் போனவங்க வந்து சொல்லுவாங்க."

பண்டிதர் மலாக்கா பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறு வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் தம்புசாமி கிராணி, கடையில் பேப்பரை உரக்க வாசித்தார்: "புதிய நூல்கள். ஜாசின் தோட்டப் பாடல்கள். தொகுத்தவர் பண்டிதர் ஏகாம்பரநாதர். இயற்றியவர் பெயர் தெரியவில்லை."

"அடி இருசம்மா, ஒம் புருஷன் பாட்டு புக்காயிருச்சுலா!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு அன்னம்மா.

இருசம்மாள் எழுந்து நின்றாள். "சடையாண்டி," என்றாள், அத்தனை ஆம்பிளைகள் முன்னால். "எழுதுங்க ஐயா. சடையாண்டி."

அன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கிராணி பேப்பரை மடித்தார். "அச்சடிச்சு முடிச்சுட்டாங்களே இருசம்மா. இனி எங்க எழுதுறது?"

அன்றிலிருந்து லயத்தில் அவளுக்குப் புருஷன் பேரைச் சொன்னவள் என்று பட்டம். புத்தகம் மட்டும் அந்தத் தோட்டத்துக்கு வரவே இல்லை, கண்ணுகளா.