நாலு மணி ரீடிங்

எங்கள் கம்பெனி பள்ளிப் பைகள் தைக்கிறது. துணி, நூல், ஜிப் என்று எங்களுக்குப் பொருள் தருகிற நாற்பது சப்ளையர்களை நேரில் போய்ப் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்புப் போடுவது என் வேலை. சிவப்பு வாங்கினால் ஆர்டர் போய்விடும். என் கணவர் காபி போட்டால்கூட, “பச்சைதானே?” என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையைக் கையில் கொடுப்பார்.

அன்று போனது ஜிப்புக்கு உலோகப் பூச்சு போடும் பட்டறைக்கு. எங்கள் நிறத்தில் பூச்சு போட அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை; அது அவர்களுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நடத்துகிற பெண்மணியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரை விடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட.

பூச்சுத் தொட்டியில் கழுவிய தண்ணீரை அப்படியே வெளியே விடக் கூடாது. பின்கட்டில் இருக்கும் டாங்க்கில் மருந்து கலந்து எட்டு மணி நேரம் விட்டால் உலோகம் அடியில் படியும். அதன்பிறகு சோதித்து, தண்ணீரில் மிஞ்சிய உலோகத்தின் அளவைப் பதிவேட்டில் எழுதித் திறக்க வேண்டும். பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அன்றைய பக்கத்தில், மாலை நாலு மணிக்கு 0.5 என்று எழுதியிருந்தது.

என் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

“அக்கா, நாலு மணி ஆயிடுச்சா?”

அவர் எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. நான் வருகிறேன் என்ற பதற்றத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டார், பாவம். ஆனால் பாவம் பார்க்கிற ஆளா நான்? விறுவிறுவென்று டாங்க்கைச் சுற்றிப் போனேன். சுவரோரம் ஒரு பக்கக் குழாய், டாங்க்கைத் தொடாமல் நேராக ஓடைக்குப் போனது. அதன் வாயில் புதுத் துணி சுற்றியிருந்தது.

“இது எனக்காக இன்னைக்கு மட்டும் மூடினதா?”

“ஆமா மேடம்,” என்றார். பூசி மெழுகவில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“அந்த ஓடைத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமில்ல?”

“தெரியாம என்ன? எங்க வீடே அந்தப் பக்கம்தான்.” டாங்க்கைக் கையால் காட்டினார். “பதினாலு நாள்ல சரக்கு குடுத்தப்போ ஒரு நாளைக்கு ரெண்டு டாங்க் தண்ணிதான் வரும். ஒன்பது நாள்ல கேட்டீங்க. இப்ப மூணுக்கு மேல வருது. ராத்திரி பகல் ஓட்டினாலும் இந்த டாங்க் மூணைத் தாண்டாது மேடம்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒன்பது நாள் கெடு சொல்லி எங்கள் கம்பெனி அனுப்பிய கடிதத்தை எடுத்து நீட்டினார். கடைசி வரியின் மேல் விரலை வைத்தார். ‘இயலாதவர்கள் தெரிவிக்கவும். மாற்று ஏற்பாடு செய்யப்படும்.’

“மாற்று ஏற்பாடுன்னா ஆர்டர் வேற ஆளுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?”

அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.

பருவ நேரத்தில் ஜிப் தீர்ந்து தையல் லைன் நிற்கக் கூடாது என்று, கெடுவைக் குறைக்கும் யோசனையைச் சொன்னவள் நான்தான். ஆபத்தைக் குறைத்ததற்காக ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஐந்து நாளைப் பிடுங்கியபோது அந்த ஐந்து நாளில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதியது நான்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்கு அது ஏற்கனவே தெரிந்திருந்தது.

முற்றத்தில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“சிவப்பு போடறேன் சார். ஆனா ஆர்டரை எடுக்கக் கூடாது. பழையபடி பதினாலு நாள் குடுக்கணும்.”

“சிவப்பும் போட்டு ஆர்டரும் குடுக்கணுமா? நல்லா இருக்கே!”

“குழாயை அடைக்கிறது அவங்க பொறுப்பு. அஞ்சு நாளைத் திருப்பிக் குடுக்கிறது நம்ம பொறுப்பு.”

“ஸ்கூல் திறக்கப் போகுது. முதல் லாட் அஞ்சு நாள் தள்ளிப்போனா யாரும்மா பதில் சொல்றது?”

“நான். ஒன்பதுன்னு எழுதினதும் நான்தானே.”

“அதுக்குத்தானே கேடயம் வாங்கினீங்க?”

“திருப்பிக் குடுத்துடறேன் சார். அறிக்கைலயும் காரணம்னு என் கடிதத்தைத்தான் போடப் போறேன்.”

“சரி, பதினாலு நாள். குழாய் அடைச்ச போட்டோவோட அறிக்கையை அனுப்புங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே கொத்தனாரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் கிளம்பவில்லை.

“இன்னும் என்ன மேடம்?”

“நாலு மணி வரைக்கும் உட்கார்றேன்.”

குழாயின் வாயில் சிமென்ட் ஏறியது. காலை எட்டு மணிக்கு நிரப்பிய டாங்க் அசையாமல் கிடந்தது. நாலு மணிக்கு அவரே குப்பியில் தண்ணீர் மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, நிற அட்டையோடு வைத்துப் பார்த்தார். 0.8. அனுமதித்த அளவுக்கு உள்ளேதான், ஆனால் எழுதி வைத்த பொய்யை விடக் கொஞ்சம் கூடுதல்.

அவர் 0.5-ஐ ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் 0.8 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான அந்த எழுத்து கோணலாக வந்தது. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீங்களும் போடுங்க மேடம். பார்த்தீங்கல்ல.”

அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.